மெஷின் பேச்சு

எனக்கு மன்னிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து, மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள்தான். ஒன்றும் ஒட்டவில்லை. அதிலும் எனக்கு நாடகம் கற்றுக்கொடுத்த பேராசிரியரை மன்னிக்கிற உத்தேசம் அறவே இல்லை. அவர் சௌக்கியமாக இருக்கிறார், மேடை ஏறுகிறார், பொன்னாடை போர்த்திக்கொள்கிறார் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், இதை எழுத அந்தச் சூடு வேண்டும்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அம்மா தையல் மெஷினில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. பெரிய ஹால், அதில் வரிசை வரிசையாக மெஷின்கள். எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் காதில் கத்தினாலும் கேட்காது. கேட்டாலும் பேசக்கூடாது, சூப்பர்வைசர் பிடித்துக்கொள்வார். அதற்காக அத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்களா? சத்தமே வராமல் உதட்டாலும் புருவத்தாலும் பேசுவார்கள். ஹாலின் இந்தக் கோடியில் இருப்பவள் கேட்டால் அந்தக் கோடியில் இருப்பவள் பதில் சொல்வாள். கல்யாணப் பேச்சு, மாமியார் சண்டை, நேற்று வைத்த குழம்பு எல்லாம் அதில்தான் ஓடும். அவர்கள் அதை மெஷின் பேச்சு என்பார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் நானும் அம்மாவின் லைனில் வேலை பார்த்தேன். தையல் சுமாராகத்தான் வந்தது. மெஷின் பேச்சு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

அம்மாவுக்கு நடந்த ஒரு விஷயம் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவிலிருந்து வந்த ஒரு கட்டுக்குள் வலது கால் தோல் இருக்க வேண்டிய இடத்திலும் இடது கால் தோலே இருந்தது. மேலே சீட்டு சரியாக இருந்ததால் அம்மா கவனிக்காமல் தைத்துவிட்டாள். எல்லாம் இடது கால். சூப்பர்வைசர் அந்தத் துண்டுகளை நூலில் கோத்து அம்மாவின் கழுத்தில் போட்டு, லைனுக்கு எதிரே நிற்கவைத்தார். தானும் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து, லைனைப் பார்த்து நின்றார். அம்மா வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரையும் பார்த்தபடி, கழுத்தில் மாலையோடு நின்றாள்.

நின்றவள் உதட்டை அசைத்தாள். "ரெண்டும் எடது காலுன்னு என்னைத் திட்றாரே, இவர் நடக்கறதப் பாருங்கடி. இவருக்கே ரெண்டும் எடது காலு தான். இவரையும் நூல்ல கோத்து எங் கழுத்துல மாட்டுங்க." லைன் முழுக்கக் குனிந்துகொண்டு சிரித்தது. அம்மா நிறுத்தவில்லை. அவருடைய பேண்ட் பின்னால் கிழிந்து, அவரே மதியம் யாரும் இல்லாதபோது மெஷினில் வெள்ளை நூல் போட்டுத் தைத்துப் போட்டிருந்தார். "தையல் கோணல். குவாலிட்டில விட மாட்டாங்க, ரிஜக்ட்" என்றாள். தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, எல்லாரும் அம்மாவுக்காக அழுகிறார்கள் என்று சூப்பர்வைசர் நினைத்தார். ஊசிகள் உடைந்தன, வேலை நின்றது. டார்கெட் போய்விடும் என்ற பயத்தில் அவரே அம்மாவின் கழுத்திலிருந்து நூலைக் கழற்றி, "போம்மா, போய் ஒக்காரு" என்றார்.

இதுதான் நடந்தது. எங்கள் வீட்டில் பண்டிகை நாளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை இது.

நாடகம் படிக்கப்போன பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆம்பூரிலிருந்து ரயிலில் போகிற தூரம், அவ்வளவு போதும். நான் நடிக்கப் படிக்கிறேன் என்றதும் சொந்தக்காரர்கள், "டீச்சர் ட்ரெய்னிங் படிக்கலாம், நர்ஸிங் படிக்கலாம், இது இன்னா படிப்பு?" என்று கேட்டார்கள். அம்மா மட்டும், "அவளுக்கு மூஞ்சி இருக்குது, நடிக்கட்டும்" என்றாள்.

பேராசிரியரின் வகுப்பு காலையில் தொடங்கும். வெறுங்காலோடு தரையில் நின்று மூச்சுப் பயிற்சி. பிறகு முகப் பயிற்சி. வாயை முடிந்த மட்டும் திறக்க வேண்டும், பிறகு முகத்தை எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி சுருக்க வேண்டும், புருவத்தை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். மற்றவர்கள் திண்டாடினார்கள். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. அவர் என் முன்னால் வந்து நின்று, "உன் முகம் ஜாஸ்தி ஆடுதும்மா. அடக்கு" என்றார். ஆட்டத்தானே பயிற்சி என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவருக்குப் பிடித்த இன்னொரு பயிற்சி முதுகுக்கு. ஒருவர் மேடையின் முன்னால் நிற்க வேண்டும், பின்னாலிருந்து மற்றவர்கள் ஓசைப்படாமல் நெருங்க வேண்டும். யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று திரும்பாமலே சொல்ல வேண்டும். "நல்ல நடிகனுக்கு முதுகிலும் கண் இருக்கணும். பின்னாடி ஒரு எறும்பு நகர்ந்தாலும் எனக்குத் தெரியும்" என்பார். இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம், வீட்டிலிருந்து ஒரு கதையைக் கொண்டுவந்து தனியாக நடித்துக்காட்டச் சொன்னார். நான் அம்மாவின் கதையை நடித்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார். போனில் பதிவு செய்துகொண்டார். லைன் எப்படி இருக்கும், நூலை எப்படிக் கோப்பார்கள், பெண்கள் தலையில் என்ன கட்டுவார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டார். "ஆராய்ச்சிக்கு" என்றார். அன்று நான் ஹாஸ்டலுக்குத் தரையில் கால் படாமல் போனேன். என்னிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடித்தார்தான், எடுத்தும் கொண்டார்.

அடுத்த வருஷம் துறையின் பெரிய நாடகத்துக்கு நோட்டீஸ் போட்டார்கள். எழுத்து, இயக்கம், பிரதான வேடம் மூன்றும் அவரே. கதை, ஷூ கம்பெனியில் கழுத்தில் தோல் மாட்டி நிற்கவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரம். அவள் முழங்காலில் விழுந்து அழுகிறாள். படித்த தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வந்து அவளைத் தூக்கி நிறுத்தி நீளமாகப் பேசுகிறார். தலைவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவின் வேடம் சென்னையிலிருந்து வந்த ஒரு மாணவிக்கு. எனக்கு, பின்னால் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி. ஒரு வசனம்கூடக் கிடையாது.

அறைக்குப் போய்க் கேட்டேன். "சார், இது எங்கம்மா கதை. நான் பண்றேன் சார்."

"கதை யாருக்கும் சொந்தமில்லம்மா. உன் பேச்சு மேடைக்கு ஆகாது. நீ 'இன்னா'ன்னு வாயைத் திறந்தா ஜனங்க சிரிச்சுடுவாங்க. இது துயரம்."

"எங்கம்மா அழவே இல்ல சார்."

அவர் நிஜமாகவே எனக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி என்னைப் பார்த்தார். "அழாம சிரிச்சாங்கன்னு காட்டினா யாரும்மா நம்புவாங்க? அடிபட்டவங்க அழணும். அப்பதான் பார்க்கிறவனுக்கு மனசு இறங்கும்."

அதைவிட அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். விலகிவிடலாம் என்றால் அந்த நாடகம்தான் எங்கள் தேர்வு. விலகினால் பட்டம் இல்லை. அம்மா ஓவர்டைம் பார்த்து என்னைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒத்திகை முழுக்க நான் பார்த்தது அவர் முதுகைத்தான். அவர் எப்போதும் மேடையின் முன்விளிம்பில், ஜனங்களைப் பார்த்தே நின்றார். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே எனக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்த முதுகைப் பற்றி ஒரு சேதி உண்டு. தலைவர் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஜிப்பா தொளதொள என்று இருந்தது. அதைப் பிடித்துத் தைக்க நேரமில்லை, பின்பக்கம் இழுத்துத் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்புகளை மாட்டிவிட்டார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள். முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கும். அவர்தான் திரும்பவே மாட்டாரே.

நாடகம் பல்கலைக்கழகத்தில் நடந்தது, வேலூரில் நடந்தது. எல்லா இடத்திலும் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஆம்பூருக்கே ஒரு அழைப்பு வந்தது. கம்பெனி முதலாளி ஒருவர் தன் தொழிலாளிகளுக்குக் காட்ட ஆசைப்பட்டாராம். எந்தக் கம்பெனி என்று விசாரித்தேன். அம்மாவின் கம்பெனி. ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலேயே பெண்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிவரப்போகிறார்கள்.

அம்மாவுக்கு நான் நடிக்கிறேன் என்று மட்டும் தெரியும். கதை என்ன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எம் பொண்ணு நடிக்குதுன்னு லைன் பூரா சொல்லிட்டேன்டி, முன்னாடியே எடம் புடிச்சு ஒக்காருவோம்" என்று போனில் சொன்னாள்.

அந்த மண்டபத்தில் விளக்கைத் தனித்தனியாக அணைக்க வழியில்லை. மேடையும் கூடமும் ஒரே வெளிச்சம். அவர் அதற்காக மண்டபத்து மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் என் மெஷினில் உட்கார்ந்தபோது மூன்றாவது வரிசையில் அம்மா, கையில் சமோசா பொட்டலத்தோடு, சுற்றிலும் அவள் லைன் முழுக்கத் தெரிந்தது. என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவளை இடித்துக் காட்டினாள்.

நாடகம் தொடங்கியது. சென்னைப் பெண்ணின் கழுத்தில் தோல் துண்டுகளை மாட்டினார்கள். கூடத்தில் சமோசா சாப்பிடுகிற சத்தம் நின்றது. பெண்கள் ஒவ்வொருத்தியாக அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். மேடையில் அந்தப் பெண் முழங்காலில் விழுந்து, "ஐயா, என்னை மன்னிச்சிடுங்க, என் பிள்ளைங்க பட்டினி கிடக்கும்" என்று கதறினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நிஜமாகவே கழுத்தில் மாட்டி நிற்கவைத்தபோதும் குனியாத தலை அது. தன் லைன் பெண்கள் நடுவில், தான் பெருமையாகக் கூட்டிவந்தவர்கள் நடுவில், சமோசா பொட்டலத்தைப் பார்த்தபடி அம்மா குனிந்திருந்தாள். அதைச் செய்தவர் எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு பேச மூச்சிழுத்தார். எழுந்து கத்திவிடலாமா என்று தோன்றியது. கத்தினால் அம்மாவுக்கு இன்னும் அவமானம்.

அப்போதுதான் ஸ்பீக்கரில் மெஷின் சத்தத்தைப் போட்டார்கள். தலைவர் பேசும்போது பின்னணியில் ஓட வேண்டும் என்று அவரே எங்கோ பதிவு செய்து வைத்திருந்த சத்தம். அது அவருக்குப் பின்னணி இசை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படியில்லை. அந்தச் சத்தம் கேட்டால் கம்பெனிப் பெண்களின் கண் தானாக எதிரே இருப்பவளின் உதட்டுக்குப் போகும். பழக்கம். தலைவரை விட்டுவிட்டு அத்தனை கண்ணும் மெஷினில் உட்கார்ந்திருந்த எங்கள் மேல் திரும்பியது.

அம்மாவுக்குப் பக்கத்து மெஷின் அக்கா, அன்று லைனில் இருந்தவள், இரண்டாவது வரிசையிலிருந்து உதட்டை அசைத்தாள். "இன்னாடி இது? உங்கம்மா எப்ப அழுதா?"

மற்ற மாணவிகள் சொன்னபடி தலையைக் குனிந்திருந்தார்கள். நான் நிமிர்ந்தேன். "அழல" என்றேன், சத்தமில்லாமல், அவர் கற்றுக்கொடுத்த மாதிரி வாயை நன்றாகத் திறந்து. "அந்த ஆளு புளுகறாரு. நடக்கறதப் பாரு. இவருக்கும் ரெண்டும் எடது காலு."

அவர் சரியாக அந்த நேரம் பார்த்து மேடையின் குறுக்கே கம்பீரமாக நாலு எட்டு நடந்தார். அக்கா குபீரென்று சிரித்தாள். அவளிடமிருந்து அந்த வரிசைக்கு, வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குச் சிரிப்பு பரவியது. அந்த வாக்கியம் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் சொத்து அது.

அவர் குரலை உயர்த்தினார். உயர்த்த உயர்த்த எனக்குத் தைரியம் வந்தது. அவர் கையை நீட்டினால், "பஸ்ஸ நிறுத்தறாரு" என்றேன். நெஞ்சில் அடித்துக்கொண்டால், "சமோசா அடைச்சிக்கிச்சு" என்றேன். அம்மா தலை நிமிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. இனி என்ன சொல்வது என்று நான் ஒரு நொடி தடுமாறினேன். மூன்றாவது வரிசையிலிருந்து அம்மாவின் உதடு அசைந்தது.

"பேண்டு. பேண்டச் சொல்லுடி."

வசனம் மறந்த நடிகைக்கு மறைவில் நின்று எடுத்துக்கொடுப்பார்களே, அப்படி எடுத்துக்கொடுத்தாள். நான் அவர் பின்பக்கத்தைப் பார்த்தேன். கிளிப்புகள் கண்ணில் பட்டன.

"பேண்டு இல்லம்மா. சொக்காய். பின்னாடி துணி கிளிப்பு போட்டிருக்காரு. பச்ச, செவப்பு, மஞ்ச."

கூடத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நம்ப முடியவில்லை போல. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, மெஷின் பேச்சில் அல்ல, வாய்விட்டே கேட்டாள். "சார், ஒரு தபா திரும்புங்க சார்!"

"திரும்புங்க சார்!" என்றாள் இன்னொருத்தி. "பேஜார் பண்ணாம திரும்புங்க சார்!"

அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கழுத்து சிவந்தது தெரிந்தது. பின்னால் ஏதோ நடக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் எறும்பு நகர்ந்தாலும் தெரியும் என்றவர், மேடை வாழ்க்கையிலேயே முதல்முறையாக இருக்கும், சுழன்று திரும்பினார். நான் தலையைக் குனிந்து மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூடம் கிளிப்புகளைப் பார்த்தது. அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் ஸ்பீக்கரில் ஓடிய மெஷின் சத்தம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. நாற்காலிகள் சாய்ந்தன. முதலாளியே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துயர நாடகம் பாதியில் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் சென்னைப் பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அன்று அவளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் யாருக்கும் பங்கு கிடையாது. பேராசிரியர் கிளிப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இந்த ஊர் ஜனங்களுக்கு நாடகம் பார்க்கவே தெரியல" என்று கத்தினார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"நீ ஒருத்திதாம்மா இன்னிக்கு ஒழுங்கு" என்றார் என்னைப் பார்த்து. "அத்தனை கலாட்டாவிலும் தலை நிமிரல. முகத்தை அடக்கக் கத்துக்கிட்டே." அந்தத் தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண் போட்டார்.

வெளியே கம்பெனி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் நின்றேன். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, எங்களுக்குக் கேட்கவும் தேவையில்லை.

"அந்தப் பொண்ணு அழுதாளே, அது நானாமா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படித்தான் எழுதியிருக்காரும்மா."

"அவ இல்ல" என்றாள். "பின்னாடி மெஷின்ல ஒக்காந்திருந்தியே, அதான் நான். லைன் பூரா அப்படித்தான் சொல்றாங்க." பஸ் நகர்ந்தது.

ஆக, நான் கேட்ட வேடத்தைத்தான் அன்று நடித்தேன், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. அவர் சொன்னபடி ஜனங்கள் சிரித்தார்கள். அந்த நாடகத்தை அவர் இன்னும் வேறு ஊர்களில் போடுகிறாராம், ஜிப்பாவைச் சரியாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறாராம். அன்று ஆம்பூரில் என்ன நடந்தது என்று இத்தனை வருஷமாகியும் அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழி வாங்கியது வாங்கப்பட்டவருக்குத் தெரியாவிட்டால் அதில் பாதி ருசி போய்விடுகிறது. அந்த மண்டபத்தில் என் நடிப்பைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

அவர் புத்தகம் படிக்கிறவர். இதுவும் ஒருநாள் அவர் கைக்குப் போகும். சார், ஒரு தபா திரும்புங்க சார். நான்தான்.